ஹார்ட் டிஸ்க் சாகுறதுக்குள்ள டேட்டாவ வெளிய எடுத்தது

எந்த ஃபோல்டர திறந்தாலும் கம்ப்யூட்டர் ஹேங் ஆச்சு, விண்டோஸ திரும்ப போட்டும் அதே தான். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்குற சாஃப்ட்வேர்ல (ஃப்ரீ தான்) ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன்னோட ஹெல்த்த தானே பதிஞ்சு வைக்குற கணக்க பாத்தேன், அதுல ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நம்பர் இருக்கும். பொதுவா டெசிமல்ல 199 (கேபிள் வழியா டேட்டா போறப்ப வர்ற எர்ரர்) மட்டும் ஏறுனா மொதல்ல கேபிள மாத்தி பாக்கலாம், எனக்கு ஏறுனது 5ம் 197ம், அதாவது ரீஅலோகேட்டட் செக்டாரும் (கெட்டுப்போனதால வேற இடத்துக்கு மாத்துன பகுதி) பென்டிங் செக்டாரும் (சரியா படிக்க முடியாம சந்தேகத்துல இருக்குற பகுதி), அதுக்கப்புறம் அந்த டிஸ்க நம்புறது வேஸ்ட்.

இந்த நேரத்துல விண்டோஸோட டிஸ்க் ரிப்பேர் டூல் செக்டிஸ்க்க மட்டும் ஓட்டாதீங்க. லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்குற டேட்டா மீட்குற டூல் வச்சு புது டிஸ்குக்கு காப்பி எடுத்தேன், அது நல்லா இருக்குற இடத்த மொதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்கு கடைசியா தான் வரும், எது வரைக்கும் எடுத்துச்சுன்னு குறிச்சு வைக்குற மேப் ஃபைல் குடுத்துட்டா நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரலாம். சில வீடியோ தவிர எல்லாம் வந்துடுச்சு!

டிஸ்க் விவரத்துல எம்டிபிஎஃப் (ரெண்டு ஃபெயிலியருக்கு நடுவுல சராசரி நேரம்) 10 லட்சம் மணி நேரம்னு போட்டிருப்பாங்க, கணக்கு போட்டா 114 வருஷம், ஆனா ஒரு டிஸ்க் அவ்ளோ நாள் ஓடும்னு இல்லங்க, 1000 டிஸ்க் வருஷம் பூரா ஓடுனா சுமார் 9 போகும்னு தான் அர்த்தம். பேக்பிளேஸ்ங்குற ஆன்லைன் பேக்கப் கம்பெனி 2013லேருந்து அவங்க டேட்டா சென்டர் டிஸ்க் கணக்க வெளியிடுறாங்க, மாடலுக்கு மாடல் நெறைய வித்தியாசம், புதுசு வாங்குறப்ப நான் அதத்தான் பாத்தேன்.