டிரினிட்டி கவுண்ட்டவுன்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் டிரினிட்டி என்ற பெயரில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை. ‘பூஜ்யம் என்றதும் பொத்தானை அழுத்தினார்கள், குண்டு வெடித்தது’ என்று எழுதிவிடுவது சுலபம். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்தக் கடைசி நொடியில் யாரும் எதையும் அழுத்தவில்லை. குண்டு இருந்த கோபுரத்துக்குச் சுமார் 9 கிலோமீட்டர் தெற்கே ஒரு பதுங்கு அறை. 45 நொடி பாக்கி இருக்கும்போது அங்கே இயற்பியலாளர் ஜோ மெக்கிபன் ஒரு சுவிட்சைப் போட்டார். அப்புறம் எல்லாம் தானியங்கி டைமரின் வேலை. எந்தக் கருவி எப்போது ஓட வேண்டும், குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். அங்கிருந்த வேதியியலாளர் டொனால்ட் ஹார்னிக்குக்கு அப்போது 25 வயது. அவர் கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு சுவிட்ச் இருந்தது. அது வெடிக்க வைக்க அல்ல, கோளாறு தெரிந்தால் நிறுத்த. முந்தின இரவு இடி மின்னலுக்கு நடுவே கோபுர உச்சியில் குண்டுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். இந்த இரண்டு சுவிட்சையும் ஒன்றாக்கிவிட்டால், அந்த 45 நொடியின் பதற்றமே காணாமல் போய்விடும்.

20 நிமிடம் முன்பிருந்தே மைக்கில் எண்ணிக்கொண்டிருந்த இயற்பியலாளர் சாம் அலிசனின் குரலைக் குண்டோடு முடிச்சுப் போடவும் கூடாது. அந்தக் குரல் ஆட்களுக்கானது.

சரி, இத்தனை துல்லியம் எதற்கு? குண்டுக்காக மட்டும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அதே ஆண்டு மே 7 அன்று, ஒத்திகையாக 100 டன் டிஎன்டி என்ற சாதாரண வெடிமருந்தை அதே பாலைவனத்தில் வெடித்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு மின் சமிக்ஞையால் அது கால் நொடி முந்தி வெடித்துவிட்டது. வெடிப்பு என்னவோ வெடிப்புதான். ஆனால் நொடிப் பிசகாமல் பதிவு செய்ய வேண்டிய அளவீடுகள் வீணாயின. அளக்க முடியாத சோதனையால் விஞ்ஞானிக்கு என்ன பயன்?

கடைசியாக, ‘மிகச் சரியாக அதிகாலை 5:29:45’ என்று அடித்து எழுதாதீர்கள். டைமருக்குள் ஓடிய நேரம் துல்லியமானது. கடிகார நேரம் அப்படியல்ல. அன்று காலை வானொலியில் வரும் நேர சமிக்ஞையைப் பிடிப்பதில் சிக்கல் இருந்தது. அதனால் பதிவுக்குப் பதிவு நொடி மாறுகிறது. 5:29 என்று எழுதினால் போதும்.