பச்சை அடித்ததெல்லாம் பட்டாள வண்டி இல்லை

தண்டையார்பேட்டையில் என் பட்டறைக்கு மாதத்துக்கு ஒருத்தராவது போனில் பழைய பைக் போட்டோவோடு வந்து, "அண்ணே, இது ரெண்டாம் உலக யுத்தத்துல ஓடின வண்டியா பாருங்க" என்பார். வண்டி பச்சையாக இருக்கும். பச்சை பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நானே ஏமாந்தவன்தான். காசிமேட்டில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்த பிஎஸ்ஏ எம்20 என்ற பிரிட்டிஷ் பைக்கை, மிலிட்டரி வண்டி என்று சொன்னதை நம்பி வாங்கினேன். பட்டறைக்குக் கொண்டுவந்து சிலிண்டருக்குக் கீழே, கிரேங்க் கேஸின் (இன்ஜினின் அடிக்கூடு) இடது பக்கம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால், நம்பரின் முதல் எழுத்து இசட். யுத்தம் முடிந்தது 1945-ல். இசட் எம்20 வந்தது 1949 வாக்கில்.

அதனால் முதல் வேலை நம்பர். கம்பி பிரஷ் போடாதீர்கள், வெட்டு மழுங்கிவிடும். ஆர்சி மாற்றும்போது சேஸிஸ் பிரின்ட் எடுப்போமே, அதேபோல் காகிதம் வைத்து பென்சிலால் தேயுங்கள். அரம் போட்ட தடமும் பிறகு அடித்த எழுத்தும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காகிதத்தில் தெரிந்துவிடும். எம்20-ல் டபிள்யூ என்று தொடங்கினால் யுத்தகால ராணுவத் தயாரிப்பு. கே என்றால் 1939 வாக்கு. அதில் கடையில் விற்றதும் உண்டு, ராணுவம் வாங்கியதும் உண்டு. இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் வேறாக இருந்தால் பதறாதீர்கள், எம்20 தொழிற்சாலையை விட்டு வரும்போதே அப்படித்தான். இன்னொரு பிரிட்டிஷ் ராணுவ பைக்கான நார்ட்டன் 16எச் மட்டும் கறாராக இருக்கும்: இரண்டிலும் ஒரே நம்பர் வேண்டும். இல்லையென்றால், பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பிலோ வெளியிலோ எப்போதோ இன்ஜின் மாறியிருக்கிறது.

அப்புறம் பெட்ரோல் டேங்க். பக்கவாட்டில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, ஒரு ரூபாய் அளவுக்கு மெதுவாகத் தேயுங்கள். அவசரப்பட்டால் மொத்த சரித்திரமும் தண்ணீரோடு ஓடிவிடும். பிரிட்டிஷ் ராணுவ பைக் என்றால் அந்த இடத்தில் 'சி' எழுத்தும் அதற்குப் பிறகு எண்களும் நிழல்போல எழும்பலாம். அடியில் காக்கிப் பச்சை, பழுப்பு, ஆலிவ் என்று படிப்படியாக வந்தால் சந்தோஷம். யுத்தம் நடக்க நடக்க அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்தார்கள். குரோம் பளிச்சிட்டால் டேங்க்காவது சிவில், அதாவது பொதுமக்களுக்கு விற்றது. என் காசிமேட்டு வண்டியில் பச்சைக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே வெறும் தகரம்.

பெயின்ட்டைவிட நான் நம்புவது ஓட்டைகளை. பின் மட்கார்டு பக்கம் பைக்கூடை தாங்க வைத்த பிராக்கெட், இன்ஜின் அடியில் காப்புத் தகடு மாட்டிய போல்ட் துளை, பாலைவனப் புழுதிக்காக டேங்க் மேல் வைத்த வோக்ஸ் ஏர் ஃபில்டருக்கு இடம்விட்டு வெட்டிய டேங்க். பச்சை அடிக்கிறவன் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டான். 1942-ல் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு. அதற்குப் பிறகு வந்த பல ராணுவ வண்டிகளில் ஹேண்டில் பிடியில் கேன்வாஸ், ஃபுட்ரெஸ்டில் வெறும் இரும்பு. ரப்பர் இல்லையே என்று நம்ம ஆள் புதுப்பேட்டையில் தேடி வாங்கி மாட்டிவிடுவார், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன் ஃபோர்க்கையும் பாருங்கள். யுத்தகால எம்20-ல் கர்டர் ஃபோர்க்தான், அதாவது இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்தது. குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலஸ்கோபிக் இருந்தால் பிறகு வந்த வண்டி, அல்லது பிறகு மாட்டியது. ஆனால் இதையே மேட்ச்லெஸ் ஜி3எல் என்ற ராணுவ பைக்குக்குச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு 1941-லேயே டெலஸ்கோபிக் வந்துவிட்டது.

நம்ம பக்கம் இன்னொரு குழப்பம், பச்சை புல்லட். திருவொற்றியூர் ஃபேக்டரியில் 1956-லிருந்து புல்லட் செய்தார்கள், ராணுவத்துக்கும் போனது. அது பட்டாள வண்டிதான், ஆனால் உலக யுத்த வண்டி இல்லை. பின்னால் ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். யுத்தகால என்ஃபீல்டு டபிள்யூடி/சி, டபிள்யூடி/சிஓ இரண்டுக்கும் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இல்லாத ரிஜிட், சீட்டுக்குக் கீழே மட்டும்தான் ஸ்பிரிங்.

ஆர்சி-யில் 1947, 1948 என்று இருந்தால் உடனே சிவில் என்று தள்ளிவிடாதீர்கள். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் அப்போதுதான் முதல் தடவையாகப் பதிவுக்கு வந்தன. ஆர்சி புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். வியாபாரம் பேசுவதற்கு முன்னால்.