காரைத் தாழ்த்தும் முன், ஸ்பிரிங்கோடு ஷாக்கையும் பாருங்கள்

காரின் உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். வெட்டிய முனை ஒழுங்காக உட்காராது. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள், ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். ஓட்டத்தில் இடம் விலகினால் ஆபத்து.

உங்கள் மாடலுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் வாங்குங்கள். அது பழையதைவிடக் கடினமாக இருக்கும். இருக்கவும் வேண்டும், அழுந்த மிச்சமுள்ள தூரம் குறைவுதானே! ஆனால் அது திரும்பி எழும் வேகத்தை அடக்குவது ஷாக் எனப்படும் ஷாக் அப்சார்பர்தான்; அது தேய்ந்திருந்தால் அடக்க முடியாது, வண்டி குதித்துக்கொண்டே போகும். 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கினால் நீளம் குறைந்த ஷாக்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் அவ்வளவுகூட வேண்டாம் என்பேன். மதகு மேடு, ஊருக்கு ஊர் வேகத்தடை, அறுவடைக் காலத்தில் சாலையிலேயே காயும் நெல். வைக்கோல் அடியில் சிக்கிச் சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் ஐந்து பேரை உட்காரவைத்து, டிக்கியிலும் சாமான் ஏற்றி, தரைக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபின் இறுக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றக் கட்டுப்பாடு வைக்கிறது. பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.