பேட்டரி கிரிப் மாட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

கேமராவின் அடியில் மாட்டி, கூடுதல் பேட்டரி போடவும் செங்குத்தாகப் பிடிக்கவும் உதவும் பிடிதான் பேட்டரி கிரிப். அதை மாட்டியதும் கேமரா ஆன் ஆகவில்லை, படம் எடுக்கும்போதே அணைந்துவிடுகிறது, முழு சார்ஜ் ஏற்றியும் பேட்டரி காலி என்று காட்டுகிறது. இப்படி வரும்போது எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) கிரிப்பும் சேரும் இடத்தில்தான் இருக்கும்.

வாங்கும்போதே நடக்கும் தவறு, பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதை வாங்கிவிடுவது. கேனான் 70டி, 80டி, 90டி மூன்றுக்கும் பிஜி-இ14 என்ற கிரிப் ஒன்றே போதும். ஆனால் 700டி-க்குப் போடும் பிஜி-இ8, அடுத்து வந்த 750டி-யில் சேராது; அதற்கு பிஜி-இ18 வேண்டும். பாடியின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

80டி-யை எடுத்துக்கொள்வோம். கேமராவை ஆஃப் செய்து, உள்ளே இருக்கும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். பேட்டரி மூடியின் கீல் பக்கம் ஒரு சிறு முள் இருக்கும். அதை நகத்தால் தள்ளினால் மூடி கழன்று வரும். முள்ளைத் தள்ளாமல் இழுத்தால் கீல் உடையும். கழற்றிய மூடியைச் சட்டைப் பையில் போட்டுத் தொலைப்பவர்கள் நிறையப் பேர். அதைச் செருகி வைக்க கிரிப்பிலேயே இடம் இருக்கிறது. நிக்கான் டி850 போன்றவற்றில் முறையே வேறு: பாடியில் இருக்கும் பேட்டரி அப்படியே இருக்கட்டும். அடிப்பக்கத்து ரப்பர் மூடியை மட்டும் எடுத்து, கிரிப்பில் அதற்கென உள்ள பள்ளத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து, கிரிப்பைப் பாடியோடு இறுக்கும் திருகுச் சக்கரம். பாடியின் அடியில் உள்ள முக்காலித் துளையில் திருகு நேராக ஏறுகிறதா என்று முதல் இரண்டு சுற்றில் கவனியுங்கள். கோணலாக ஏறினால் பாடியின் மரைதான் கெடும், அதைச் சரிசெய்யச் செலவு அதிகம். விரலால் முடிந்த அளவு இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். பைக்கில், பேருந்தில் கொண்டுபோனால் அதிர்வில் சக்கரம் தளரும். சற்றுத் தளர்ந்தாலும் மின்முனைகள் சரியாகத் தொடாமல் போகலாம். கேமரா திடீரென அணைவதற்கு முதல் சந்தேகம் இங்கேதான். இறுக்கியும் சரியாகவில்லை என்றால் முனைகளை உலர்ந்த, பிசிறில்லாத துணியால் துடைத்துப் பாருங்கள்.

செங்குத்தாகப் பிடித்தால் கிரிப்பின் ஷட்டர் பட்டன் வேலை செய்யவில்லையா? கிரிப்பில் தனியாக ஓர் ஆன்/ஆஃப் ஸ்விட்ச் உண்டு, அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைமட்டமாக எடுக்கும்போது அதை ஆஃபில் வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டு படம் விழுந்துகொண்டே இருக்கும்.

பேட்டரியில் செய்யும் தவறுகளில் மோசமானது, சாதாரண ஆல்கலைன் ஏஏ செல்களை நம்பி நிகழ்ச்சிக்குப் போவது. பிஜி-இ14-இல் ஆறு செல் போடலாம். கணக்குப்படி 9 வோல்ட். கேமராவின் வழக்கமான எல்பி-இ6 பேட்டரியின் 7.2 வோல்ட்டைவிட அதிகம்தான். ஆனால் ஷட்டரும் ஆட்டோஃபோகஸ் மோட்டாரும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கும்போது ஆல்கலைனின் வோல்டேஜ் சட்டென்று விழும், கேமரா உடனே காலி என்று முடிவுகட்டும். ஏஏ செல்களை அவசரத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். நிக்கானில் மெனுவுக்குள் போய் செல் வகையை (ஆல்கலைன், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம்) சரியாகக் குறிக்காவிட்டால் மீதி சார்ஜ் தப்பாகத் தெரியும். எந்தப் பேட்டரி முதலில் தீர வேண்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். கிரிப்பில் உள்ளதை முதலில் தீர்க்கச் சொல்வதே நல்லது, கிரிப்பைக் கழற்றாமல் மாற்றிக்கொள்ளலாம்.

கேனானில் இரண்டு எல்பி-இ6 போடும்போது பேட்டரி தகவல் மெனுவைப் பாருங்கள். ரீசார்ஜ் திறனுக்கு மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் நல்ல நிலை, சிவப்பு வந்தால் மாற்ற வேண்டியது. நலிந்த பேட்டரியை நல்லதோடு ஜோடி சேர்க்காதீர்கள். ஒரே ஒரு நல்ல பேட்டரியைப் போட்டாலும் கிரிப் இயங்கும்.

வேகம் கூடும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 80டி-யில் கிரிப் மாட்டினாலும் நொடிக்கு 7 படம்தான். டி850-இல் 7 என்பது 9 ஆகும்; ஆனால் எம்பி-டி18 கிரிப்பில் இஎன்-இஎல்18 வகைப் பேட்டரியும் அதற்கான பிஎல்-5 மூடியும் வேண்டும். வழக்கமான இஎன்-இஎல்15-ஐயே போட்டால் வேகம் மாறாது.

கிரிப்பின் அடியில் உள்ள துளையில் ஸ்லிங் வார் மாட்டி, கனமான லென்ஸோடு தோளில் தொங்கவிடுவதை உடனே நிறுத்துங்கள். மொத்த எடையும் அந்த ஒற்றைச் சக்கரத் திருகில் தொங்குகிறது, நடக்க நடக்க அது கழலும். வார் பாடியின் வளையங்களில் இருக்கட்டும். முக்காலியில் நீண்ட நேர எக்ஸ்போஷர் எடுக்கும்போது கிரிப்பைக் கழற்றிவிடுவது மேல்; நடுவில் ஒரு இணைப்பு கூடினால் ஆட்டமும் கூடும். காலர் (லென்ஸைச் சுற்றியுள்ள முக்காலி வளையம்) உள்ள டெலி லென்ஸ் என்றால் காலரையே முக்காலியில் பொருத்துங்கள்.

பல வாரம் எடுக்காமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் செல் கசிந்தால் செல் போடும் ட்ரேயின் ஸ்பிரிங்கை அரித்துவிடும். கிரிப்பைத் தனியாக வைத்தால் மின்முனை மூடியைப் போட்டு வையுங்கள், பையில் கிடக்கும் சாவியோ நாணயமோ முனைகளில் உரசக்கூடாது.