உயர் அட்லஸ் மலையின் தோட்ட விடுதியில் விருந்தினராகத் தங்குவது எப்படி

மொரோக்கோவின் மராகேஷ் நகரிலிருந்து தெற்கே நோக்கினால், குளிர்காலத்தில் வெண்பனி போர்த்தி நிற்கும் உயர் அட்லஸ் மலைத்தொடர் தெரியும். காரில் ஒன்றரை மணி நேரம் சென்றால் அதன் பள்ளத்தாக்குகளை அடைந்துவிடலாம். அங்கே பழைய மண்கோட்டை வீடுகளைப் புதுப்பித்தும், அவற்றின் பாணியில் புதிதாகக் கட்டியும், சுற்றிலும் தோட்டம் வளர்த்து நடத்தப்படும் உயர்தர விடுதிகள் சில உள்ளன. அவற்றைக் கஸ்பா என்று அழைப்பார்கள். இம்லில் கிராமத்துக்கு மேலே இருக்கும் கஸ்பா து துப்கால், ஒரு காலத்தில் உள்ளூர்த் தலைவர் ஒருவரின் கோடை மாளிகையாக இருந்து, பாழடைந்து, 1995-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. அஸ்னிக்கு அருகிலுள்ள கஸ்பா தமதோத்தை பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் 1998-இல் வாங்கி 2005-இல் விடுதியாக்கினார். ஊரிக்கா பள்ளத்தாக்கில் ஒரு குன்றின் உச்சியில் கஸ்பா பாப் ஊரிக்கா இருக்கிறது. இவற்றில் பரிமாறுபவர்களும் சமைப்பவர்களும் தோட்டம் பார்ப்பவர்களும் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த, வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்கள்; அவர்கள் தங்களை அமாசிக் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் காட்டும் உபசாரம் ஹோட்டல் பயிற்சியில் வந்ததன்று. வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். ஆகவே அங்கே தங்கப் போகிறவர் அறையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை, விருந்தினராக நடந்துகொள்ளும் முறையைத் தெரிந்துகொள்வதிலும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எந்தப் பள்ளத்தாக்கு என்று முடிவு செய்யுங்கள். இம்லில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கார் கிராமத்தோடு நின்றுவிடும். பெட்டிகளைக் கோவேறு கழுதை சுமந்து வர, நீங்கள் வால்நட் மரங்களுக்கு இடையே கால் மணி நேரம் மேடேறி விடுதியை அடைய வேண்டும். எனவே சக்கரம் வைத்த கடினமான பெட்டிகளைத் தவிர்த்து, கழுதையின் இருபுறமும் தொங்கும் கூடைக்குள் அடங்கக்கூடிய மென்மையான பைகளையே கொண்டு செல்லுங்கள். அஸ்னிப் பகுதி அதைவிடத் தாழ்வானது. சாலை வாசல்வரை வரும், நீச்சல் குளமும் ரோஜாப் பாத்திகளும் பழமரங்களும் விரிந்த தோட்டங்கள் அமைய இடமும் உண்டு. ஊரிக்கா மராகேஷுக்கு இன்னும் நெருக்கமானது. ஆலிவ் தோப்புகளும் குங்குமப்பூ வயல்களும் மூலிகைத் தோட்டங்களும் அங்கேதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் அஸ்னியையோ ஊரிக்காவையோ தேர்ந்தெடுப்பதே நல்லது. மலைக் கிராமத்து வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இம்லிலுக்கு நிகரில்லை. எங்கே தங்கினாலும் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் தங்குங்கள். ஒரே இரவில் திரும்புகிறவர் பார்ப்பது குளத்தையும் மொட்டைமாடியையும் மட்டுமே.

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முடியவும் மிகச் சிறந்த காலம். தாழ்வான சரிவுகளில் பாதாம் மரங்கள் பிப்ரவரி வாக்கிலேயே பூத்துவிடும். கோடையின் தொடக்கத்தில் செர்ரி, இலையுதிர் காலத்தில் ஆப்பிளும் வால்நட்டும். வால்நட் அறுவடையின்போது நீண்ட கழிகளால் கிளைகளை அடித்துக் காய்களை உதிர்ப்பார்கள். பச்சைத் தோலை உரிக்கும் கைகள் வாரக்கணக்கில் கருத்தே இருக்கும். உங்களுக்குத் தேநீர் ஊற்றும் இளைஞரின் விரல்கள் அப்படி இருந்தால் அது அழுக்கன்று, வீட்டு மரத்தில் அவர் செய்த வேலையின் கறை. ஜூலை, ஆகஸ்டில் மராகேஷ் நாற்பது டிகிரியைத் தாண்டிக் காயும்போது மலை தாங்கக்கூடியதாக இருக்கும் என்றாலும், பிற்பகல் இடிமழை ஆறுகளைத் திடீரெனப் பெருக்கெடுக்கச் செய்யும். 1995 ஆகஸ்டில் ஊரிக்காவில் வந்த வெள்ளம் ஏராளமான உயிர்களைப் பலிகொண்டது. ஆகவே மேகம் கருத்த நாளில், ஆற்றுக்குள்ளேயே நாற்காலி போட்டிருக்கும் சாலையோர உணவகங்களில் உட்கார வேண்டாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். அறையில் கணப்பு உண்டா, விறகு கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். ரமலான் மாதத்தில் விடுதிகள் விருந்தினருக்கு வழக்கம்போல் உணவளிக்கும். ஆனால் அந்த மாதம் முழுவதும் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் வைக்கப்படும் என்பதையும், உங்களோடு மலையேறும் வழிகாட்டி தண்ணீர்கூடக் குடிக்காமல் நடப்பார் என்பதையும் மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

சைவ உணவு உண்பவர்கள் அதைப் பதிவு செய்யும்போதே தெளிவாக எழுதிவிட வேண்டும். மண்சட்டியில் மெதுவாக வேகும் தஜின், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்துச் செய்யும் ஏழு காய்கறி கூஸ்கூஸ் ஆகியவற்றைக் காய்கறி உணவு என்று சொல்லியே பரிமாறுவார்கள். ஆனால் அவற்றின் சாறு பல வேளைகளில் இறைச்சியோடு கொதித்ததாக இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியையும் மீனையும் அது குறிக்காமல் போகலாம். கோழி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, முட்டையும் பாலும் ஆகும் அல்லது ஆகாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மிகுந்த அக்கறையோடு செய்து தருவார்கள்.

வந்து சேர்ந்ததும் சில விடுதிகளில் ஆரஞ்சுப் பூ நீரைக் கையில் தெளித்து, பேரீச்சம்பழமும் பாலும் தருவார்கள். பேரீச்சையை எடுத்துப் பாலில் தொட்டு உண்ணுங்கள். அதன்பின் தேநீர் வரும். அறையைப் பார்க்கும் அவசரத்தில் அதை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். தயாரிப்பதை அருகிலிருந்து பார்ப்பதே அந்த வரவேற்பின் பாதி. சிறு உருண்டைகளாகச் சுருண்ட சீனப் பச்சைத் தேயிலையைக் கூஜாவில் போட்டுச் சிறிது வெந்நீர் ஊற்றி, அந்த முதல் சாற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் தனியே எடுத்து வைப்பார்கள். இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கலங்கலைக் கொட்டிவிடுவார்கள். பிறகு எடுத்து வைத்த சாற்றைத் திரும்பச் சேர்த்து, நீர் நிரப்பிக் கொதிக்க வைத்து, கைப்பிடி புதினாவும் கூம்புச் சர்க்கரையிலிருந்து உடைத்த கட்டியும் போடுவார்கள். கரண்டியால் கலக்காமல், குவளையில் ஊற்றி மறுபடி கூஜாவிலேயே கவிழ்த்துக் கவிழ்த்துக் கலப்பார்கள். இறுதியில் கையை உயர்த்தி மெல்லிய நீண்ட தாரையாக ஊற்றும்போது மேலே சிறு நுரை நிற்கும்; நுரை நின்றால்தான் தேநீர் சரியாக வந்ததாகப் பொருள். குளிர்காலத்தில் புதினாவுக்குப் பதிலாகவோ அதனோடோ ஷீபா என்ற கசப்பு இலை சேரும். மூன்று குவளைகள் குடிப்பது மரபு. சர்க்கரை கூடாதவர்கள் தயாரிப்புத் தொடங்கும் முன்பே சொன்னால் தனியாக வைத்துத் தருவார்கள். ஊற்றிய பிறகு மறுப்பதைவிட அது மரியாதையானது.

தோட்டத்தை அனுபவிக்க விரும்புகிறவர்கள் காலையில் தோட்டக்காரரோடு ஒரு மணி நேரம் நடக்க ஏற்பாடு செய்து தருமாறு கேளுங்கள். எந்தச் சிறப்பு உல்லாச ஏற்பாட்டைவிடவும் இதையே நான் மேலாக மதிக்கிறேன். அந்த ரோஜாவுக்கும் செர்ரிக்கும் உயிர் கொடுப்பது மலைப்பனி உருகி ஓடையாகி, சரிவை ஒட்டி வெட்டிய வாய்க்கால் வழியே கிராமம் கிராமமாக இறங்கி வரும் நீர். அங்கே அதை செகியா என்பார்கள். எந்த வீட்டு நிலத்துக்கு எந்த நாள், எந்த நேரம் என்று ஊர்க்கூட்டம் முறை வைத்திருக்கும். முறை வந்ததும் மண்வெட்டியோடு வந்தவர், மடையில் அடைத்திருந்த கல்லையும் மண்ணையும் கந்தலையும் இழுத்துப் போடுவார். நீர் ஒரு நொடி தயங்கி, பிறகு படிப்படியாக வெட்டிய பாத்திகளுக்குள் பாயும். நேரம் முடிந்ததும் அதே கல்லால் அடைத்துவிட்டு, அடுத்தவருக்குக் குரல் கொடுப்பார். நீங்கள் நடக்கும்போது அந்த மடைக் கல்லைக் காலால் தள்ளிவிடாதீர்கள், வாய்க்காலில் சோப்பு போட்டுக் கை கழுவாதீர்கள். கீழே ஒரு குடும்பத்தின் பார்லி அதை நம்பி இருக்கிறது. அறையில் குளியல் தொட்டி இருந்தாலும் கோடையில் அதை நிரப்பாமல் குளிப்பது நல்லது. இப்பகுதி பல ஆண்டுகளாக வறட்சியைத் தாங்கி வருகிறது.

விடுதியின் உணவகத்தில் தனித்தனித் தட்டு வரும். ஆனால் ஒருமுறையாவது ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் விருந்தைக் கேட்டுப் பெறுங்கள். குடத்திலிருந்து நீர் ஊற்றிக் கை கழுவச் செய்வார்கள். 'பிஸ்மில்லா' என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். வலக்கையால் ரொட்டியைக் கிள்ளி, உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்து உண்ணுங்கள். நடுவிலுள்ள இறைச்சியை வீட்டுக்காரரே பிரித்து வைப்பார், அதுவரை காத்திருங்கள். காலையில் சுடுகற்களின் மேல் வெந்த ரொட்டியும், ஆர்கன் என்னும் மொரோக்கோ மரத்தின் கொட்டை எண்ணெயும் பாதாமும் தேனும் சேர்த்து அரைத்த அம்லூவும் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பகலில் கூஸ்கூஸ். சில விடுதிகளில் மது விற்பதில்லை.

ஹம்மாம் என்னும் நீராவிக் குளியலுக்கு நடைக்குப் பிந்தைய மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆலிவிலிருந்து செய்த கரும் சோப்பைப் பூசி, உடல் இளகிய பின் சொரசொரப்பான கையுறையால் தேய்த்துவிடுவார்கள். அழுத்தம் அதிகமாக இருந்தால் உடனே சொல்லலாம்.

நடைக்கு எப்போதும் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். வட ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான துப்காலுக்கு (4,167 மீட்டர்) வழிகாட்டி இல்லாமல் செல்ல 2018 இறுதியிலிருந்து அனுமதி இல்லை. வழியில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள் என்பதால் அதை எடுத்துச் செல்லுங்கள். உச்சி வேண்டாம் என்பவர்கள் அரைநாள் நடையாக சீதி ஷம்ஹரூஷ் தர்கா வரை போய் வரலாம். பாலத்துக்கு அப்பால் இருக்கும் அந்தத் தர்காவுக்குள் இஸ்லாமியர் அல்லாதவர் நுழையக் கூடாது. வெளியே நின்று பார்த்துவிட்டு, அருகிலுள்ள கடையில் ஆரஞ்சுச் சாறு குடித்துத் திரும்புங்கள். சனிக்கிழமை என்றால் அஸ்னியின் வாரச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஆடு, கழுதை, காய்கறி, பழைய துணி என்று மலை முழுவதும் அன்று அங்கே இறங்கி வந்திருக்கும்.

நடையின்போது யாரேனும் வீட்டுக்குத் தேநீர் அருந்த அழைத்தால் வழிகாட்டியின் முகத்தைப் பாருங்கள். அவர் சம்மதித்தால் போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடையோடு செல்லுங்கள், கம்பளத்தின் விளிம்பில் காலணியைக் கழற்றிவிடுங்கள். வெறுங்கையோடு போக நேர்ந்தால் குற்றமில்லை. முன்கூட்டித் தெரிந்தால் தேயிலையும் கூம்புச் சர்க்கரையும் வாங்கிச் செல்வதே அங்கத்திய முறை. தேநீருக்குப் பணத்தை நேரடியாக நீட்டினால் மனம் புண்படலாம். தர வேண்டுமா, எப்படித் தர வேண்டும் என்பதை வழிகாட்டியிடம் கேளுங்கள். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாயோ பேனாவோ காசோ தெருவில் கொடுத்துப் பழக்க வேண்டாம். உதவ எண்ணுகிறவர்களுக்கு நேரான வழிகள் உண்டு. மலைக் கிராமச் சிறுமிகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் தங்குமிடம் அமைத்துத் தரும் 'எஜுகேஷன் ஃபார் ஆல்' அமைப்பு 2007 முதல் இங்கே இயங்குகிறது. தமதோத்தின் அருகே, ரிச்சர்ட் பிரான்சனின் தாயார் பெயரிலான ஈவ் பிரான்சன் அறக்கட்டளை பெண்களுக்கு நெசவும் பூவேலையும் கற்பிக்கிறது. அங்கே வாங்கும் துணி நெய்தவர் கைக்கே பயன் தரும்.

2023 செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவிலான நிலநடுக்கம் இந்த மலைகளைத் தாக்கி ஏறக்குறைய மூவாயிரம் பேரைக் கொன்றது. தமதோத் மூடப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தது. உங்கள் அறையைச் சுத்தம் செய்பவர் அன்று வீட்டையோ உறவையோ இழந்தவராக இருக்கலாம். நீங்களாக அந்த இரவைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்க்காமல் கேளுங்கள். இடிந்த சுவர்களின் முன் நின்று படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். அதற்காக அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கவும் கூடாது, ஏனெனில் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டும் பலருக்கு விருந்தினர் வருகையே கூலி.

பணத்தைப் பொறுத்தவரை, மராகேஷிலேயே மொரோக்கோ நாணயமான திர்ஹமின் சிறு நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். நாட்டுக்கு வெளியே அதை மாற்றுவது கடினம் என்பதால் மிஞ்சியதை விமான நிலையத்தில் மாற்றிவிடுங்கள். கஸ்பா து துப்கால் போன்ற இடங்களில் ரசீதில் ஐந்து விழுக்காடு கூடுதலாக இருப்பதைப் பார்த்தால் ஐயம் வேண்டாம். அது கிராமச் சங்கத்துக்குப் போகிறது. ஆம்புலன்ஸும் குப்பை அகற்றலும் ஊர்ப் பொது ஹம்மாமும் அப்படித்தான் இம்லிலுக்கு வந்தன. வழிகாட்டிக்கும் கழுதைக்காரருக்கும் அன்பளிப்பை அவரவர் கையிலேயே கொடுங்கள். விடுதி ஊழியருக்கான அன்பளிப்பைப் பொதுப் பெட்டியில் போடும் முன், அது சமையலறைக்கும் தோட்டத்துக்கும் பங்கிடப்படுகிறதா என்று வரவேற்பறையில் கேளுங்கள். இல்லை என்றால், ரொட்டி சுட்டவருக்கும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சியவருக்கும் தனித்தனி உறையில் வைத்து, புறப்படுவதற்கு முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். காலையில் நீங்கள் கிளம்பும் நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.