நைனாவுக்கு இரும்புச்சத்து: மாத்திரையா, ட்ரிப்ஸா?

நைனாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருந்தபோது ஹீமோகுளோபின் 8.4-இல் நின்றுவிட்டது. ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய மனுஷன், தண்டையார்பேட்டை ஹவுஸிங் போர்டில் எங்கள் இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம்: முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டுச் சுவரொட்டி. நானும் இரண்டு மாதம் அயர்ன் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். அடுத்த ரிப்போர்ட்டில் 8.6.

அந்த இரண்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது. மாத்திரையா ட்ரிப்ஸா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃபெரிட்டின் (சேமிப்பில் இருக்கும் இரும்பு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு), சிஆர்பி (அழற்சியின் அளவு) மூன்றையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே பி12, ஃபோலிக் ஆசிட். ஃபெரிட்டினை மட்டும் நம்பாதீர்கள். புற்றுநோயால் வரும் அழற்சியே அதை ஏற்றிக் காட்டும். நைனாவுக்கு அது 160. லேப் தாளில் 'நார்மல்'. சாச்சுரேஷனோ 11 சதவீதம். ஃபெரிட்டின் இப்படி இருந்தும் இது 20-க்குக் கீழே போனால், உடம்பில் இரும்பு இருந்தும் ரத்தம் ஊறும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

நைனாவிடம் அவர் பாஷையில் சொன்னேன்: கோடவுனில் சரக்கு இருக்கு, கேட்டைப் பூட்டிவிட்டான், லாரி வெளியே வரவில்லை. அந்தப் பூட்டுக்கு ஹெப்சிடின் என்று பெயர், கல்லீரல் சுரப்பது. அழற்சி இருந்தால் அது கூடும். குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வழியையும் அதுதான் அடைக்கிறது. மாத்திரை வந்த வழியே போய்விடும். மலச்சிக்கல் மட்டும் மிச்சம்.

ஃபெரிட்டின் 30-க்குக் கீழே, சிஆர்பி 5-க்குக் கீழே, அவசரமும் இல்லை என்றால் மாத்திரையே போதும். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. கேஸ் மாத்திரை தினமும் போட்டால் இரும்பு சரியாக ஏறாது, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லையா, ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போவது சகஜம். தார் மாதிரி பிசுபிசுத்து நாற்றம் அடித்தால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே ஓடுங்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் இன்னொரு அட்டை வாங்காதீர்கள். நான் செய்த தப்பு அது.

இரும்புக் குறைபாடு உள்ள மற்றவர்களுக்கு நரம்பு வழியாக ட்ரிப்ஸ்தான். அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம். 1000 ஏற ஐந்து நடை. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் விலை கூடுதல். ஆனால் பெரும்பாலும் 1000 மில்லிகிராமை ஒரே உட்காரலில் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஆட்டோ செலவையும், நாம் லீவு போடும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு இரண்டாவதுதான் கட்டுபடியானது.

காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும் நாளில் ஏற்றக் கூடாது. டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து மாதிரி இதயத்தைப் பாதிக்கும் கீமோ போகும் அன்றைக்கும் வேண்டாம். முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் சிவந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, மூச்சு முட்டினாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட ஊசி குத்திய கையைப் பாருங்கள். நைனா தூங்கிவிட்டார், நான் போனில் இருந்தேன், மருந்து தோலுக்கடியில் கசிந்தது. கூப்பிட்ட பிறகுதான் நர்ஸ் வந்தார். ஒரு வருஷம் ஆயிற்று, முழங்கைக்குக் கீழே டீக்கறை மாதிரி பழுப்பு அப்படியே இருக்கிறது. எரிந்தால், வீங்கினால் அந்த நொடியே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் 7, 8-க்குக் கீழே போய் மூச்சும் வாங்கினால் இரும்புக்காகக் காத்திருக்க நேரமில்லை, ரத்தம்தான் ஏற்ற வேண்டியிருக்கும். இரும்பு வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும். ட்ரிப்ஸ் போகும் காலத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஏற்றிய அடுத்த வாரமே ஃபெரிட்டின் பார்த்துக் காசை வீணாக்காதீர்கள், அது பொய்யாக எகிறி நிற்கும். நான்கு வாரமாவது போகட்டும். நைனாவுக்கு அந்த நான்காவது வாரம் ஹீமோகுளோபின் 10.2. படியில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார், அதுவும் கீழ்வீட்டுக்காரரிடம் பேச.