நடுங்க வைக்கும் ஒரு கடற்கொள்ளைத் தலைவனை எழுதுவது எப்படி

மாயாஜாலக் கடல்கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் தலைவனின் உருவத்தைத்தான் யோசிக்கிறார்கள். ஒற்றைக் கண், மரக்கால், தோளில் கிளி, எதிரே வந்தவனையெல்லாம் வெட்டும் கத்தி. மூன்றாவது அத்தியாயத்தில் அவன் பத்தாவது ஆளை வெட்டும்போது வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். அவனுடைய கத்தி எவ்வளவு நீளம் என்பதால் யாருக்கும் பயம் வராது. அவன் பெயர் காதில் விழுந்ததும் துறைமுகத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டுங்கள், அங்கேதான் பயம் பிறக்கும்.

நிஜத்தில் நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தால் வேலை சுலபமாகும். கருந்தாடி என்று உலகமே அறிந்த எட்வர்ட் டீச், 1717 நவம்பரில் லா கொன்கார்ட் என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலைப் பிடித்து, குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச் என்று பெயர் மாற்றி, அதில் 40 பீரங்கிகள் வரை ஏற்றினான். சண்டைக்குப் போகும்போது பீரங்கிக்கு நெருப்பு வைக்கும் திரிகளைக் கொளுத்தித் தொப்பிக்கு அடியில் செருகிக்கொள்வான், முகத்தைச் சுற்றிப் புகை எழும், பார்ப்பவனுக்கு நரகத்திலிருந்து எழுந்து வந்தவன் போல இருப்பான் என்று 1724-ல் லண்டனில் வந்த ஒரு புத்தகம் சொல்கிறது. ஆனால் அவன் செத்த அந்தக் கடைசிச் சண்டைக்கு முன்னால் பிடிபட்டவர்கள் யாரையும் கொன்றதாக உறுதியான பதிவு எதுவும் கிடையாது. இவ்வளவு பேர் நடுங்கிய ஆளுக்கு இதுதான் கணக்கு என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணம் எளிமையானது. சண்டை என்றால் செலவு. பீரங்கி சுட்டால் பாய் கிழியும், சரக்கு கடலுக்குப் போகும், சொந்த ஆட்கள் சாவார்கள், பிடித்த கப்பலே மூழ்கினாலும் மூழ்கும். எதிரி பயந்து பாயை இறக்கிவிட்டால் கப்பலும் சரக்கும் சேதமில்லாமல் கைக்கு வரும். ஆக உங்கள் தலைவன் பயமுறுத்துவது அவனுக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கு இல்லை. இதை முடிவு செய்துவிட்டால் அவன் பேச்சு, உடை, கொடி, மௌனம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அடுத்தது, பயத்தோடு ஒரு வாக்குறுதியும் இருக்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கரீபியன் கடலில் கருப்புக் கொடி ஏறினால் 'சரணடைந்தால் பிழைப்பாய்' என்று அர்த்தம், சிவப்புக் கொடி ஏறினால் யாரும் தப்ப முடியாது. எப்படியும் கொல்லத்தான் போகிறான் என்று தெரிந்தால் எலும்பும் தோலுமான மாலுமிகூட கடைசி மூச்சு வரை சண்டை போடுவான், அது தலைவனுக்குத்தான் நஷ்டம். அதனால் உங்கள் தலைவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும். சரணடைந்தவனை விடுவான், ஏமாற்றியவனை விடமாட்டான். இப்படி ஒரு விதி ஊருக்கே தெரிந்திருந்தால், கதையில் யாராவது அதை மீறும் கணத்தில் நீங்கள் ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியதில்லை, வாசகரே மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

சரி, ஒரு ஆளை உருவாக்கிப் பார்ப்போம். பழைய காலத்தில் வட ஐரோப்பிய மாலுமிகளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. சூனியக்காரிகள் காற்றைக் கயிற்றில் முடிந்து விற்பார்கள். மூன்று முடிச்சு. முதல் முடிச்சை அவிழ்த்தால் மெல்லிய காற்று, இரண்டாவதில் பலத்த காற்று, மூன்றாவதை மட்டும் தொடவே கூடாது, புயல். இந்த நம்பிக்கையை எடுத்து நம் உலகத்தில் நிஜமாக்கிவிடலாம். நம் தலைவி ஒரு பெண். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, கடலோர ஊர்கள் அவளை முடிச்சுக்காரி என்கின்றன. கழுத்தில் ஒரு பழங்கயிறு, உப்பில் வெளுத்து விறைத்துப் போனது. அதில் இரண்டு இடங்களில் நார் நெளிந்து கிடக்கிறது, அங்கே முடிச்சு இருந்ததற்கான தடம். மூன்றாவது முடிச்சு நெல்லிக்காய் அளவில் இன்னும் இறுகியே இருக்கிறது.

இப்போது ஒரு வியாபாரக் கப்பலை அவள் நெருங்குகிறாள் என்று வையுங்கள். பீரங்கி சத்தத்தில் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கப்பலின் சுக்கான் பிடிப்பவன் கண்ணில் ஆரம்பியுங்கள். இருபது கஜ தூரத்தில் எதிர்க் கப்பலின் முனையில் ஒரு பெண் நிற்கிறாள், கையில் ஆயுதம் இல்லை, வலது கட்டைவிரல் மட்டும் கழுத்துக் கயிற்றை மேலும் கீழும் தடவிக்கொண்டிருக்கிறது. விரல் இரண்டு நெளிவுகளையும் தாண்டிக் கீழே இறங்கி நிற்கிறது. அவ்வளவுதான். சுக்கான்காரன் தன் முதலாளியின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் பிடியை விட்டுவிட்டுக் கைகளைத் தூக்குகிறான். இந்த ஒரு பத்தி, இருபது பேர் வெட்டுப்பட்டுச் சாகும் இரண்டு பக்கத்தைவிட வலுவாக நிற்கும்.

அவளிடம் ஒரு ரகசியமும் வேண்டும். அந்த மூன்றாவது முடிச்சில் காற்றே இல்லை. பல வருஷத்துக்கு முன்னால், காற்று செத்துக் குடிதண்ணீர் தீர்ந்துபோய் ஆட்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தபோது, வேறு வழியில்லாமல் அதையும் அவிழ்த்துவிட்டாள். புயல் வந்தது, பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் பிழைத்தார்கள். அப்புறம் சாதாரணக் கையால் சாதாரண முடிச்சு ஒன்றைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அது தெரிந்தவர் அவளோடு இருக்கும் கிழவர் ஒருவர் மட்டும். அவர்கள் பேச்சு இப்படிப் போகலாம்:

"தாயி, என்னைக்காவது ஒருத்தன் துணிஞ்சு அவிழ்த்துக் காட்டுன்னு சொல்லிட்டா?"

"சொல்ல வாயைத் திறக்கும்போதே அவன் ஆளுங்களே அவனைக் கட்டிப் போட்ருவாங்க, பெரியப்பா."

கப்பலில் மற்ற எல்லோருக்கும் அவள் அக்கா. ஊரே நடுங்கும் ஒருத்தியை அவள் ஆட்கள் இப்படி அன்பாகக் கூப்பிடுவது வாசகரை இன்னும் கலங்கடிக்கும், செய்து பாருங்கள்.

மாயத்துக்கு விலை வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் அந்த விலை அவளுக்கு மட்டும் வலித்தால் போதாது, கூட இருப்பவர்களுக்கும் வலிக்க வேண்டும். மேலே சொன்ன புயலில் செத்த பாதிப் பேரின் அண்ணன் தம்பிகள் இன்னும் அதே கப்பலில் துடுப்புப் போடுகிறார்கள் என்று வைத்துவிட்டால் உங்களுக்கு நூறு பக்கத்துக்கு மூலப்பொருள் கிடைத்துவிட்டது.

இனி ஆட்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், கதை நிற்பதும் விழுவதும் இங்கேதான். கொள்ளைக் கப்பலில் தலைவன் ராஜா மாதிரி என்று நினைப்பது தவறு. 1719 முதல் 1722 வரை நூற்றுக்கணக்கான கப்பல்களைப் பிடித்த வேல்ஸ்காரர் பார்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பல் விதிகள் அச்சில் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. கொள்ளையில் தலைவனுக்கும் அவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் தலா இரண்டு பங்கு, பீரங்கிக்குப் பொறுப்பானவனுக்கு ஒன்றரை, சாதாரண ஆளுக்கு ஒன்று. காசு வைத்துச் சூதாடக் கூடாது. ராத்திரி 8 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், அதற்குமேல் குடிக்க ஆசைப்படுகிறவன் மேல்தளத்தில் போய்க் குடிக்கட்டும். சண்டையில் ஊனமானவனுக்குப் பொதுப் பணத்திலிருந்து 800 வெள்ளி. வாத்தியம் வாசிப்பவர்களுக்கு ஓய்வுநாளில் ஓய்வு. தலைவனின் சொல்லுக்கு மறுபேச்சு இல்லாதது துரத்தும்போதும் சண்டையிலும்தான், மற்ற நேரத்தில் பங்கு பிரிப்பது, தகராறு தீர்ப்பது எல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் கையில்.

இது ஏன் கதைக்கு முக்கியம் என்றால், வெளியே எல்லோரையும் நடுங்க வைக்கிறவள் உள்ளே வந்தால் வாக்குகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மாதமாகக் கொள்ளை எதுவும் சிக்கவில்லை என்றால் கீழ்த்தளத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். இளையவன் ஒருவன் பேச்சில் கெட்டிக்காரன், அவன் பக்கம் நாலு பேர் சாய்கிறார்கள். ஒரு வாக்கெடுப்புக் காட்சியை எழுதுங்கள், யார் யார் கை தூக்குகிறார்கள் என்று அவள் பார்க்காத மாதிரி பார்ப்பதை எழுதுங்கள். வெளியில் இருக்கும் பயம் இல்லாமல் போனால் உள்ளே இருக்கும் மரியாதையும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். பொய் முடிச்சை அவள் கழுத்திலிருந்து கழற்ற முடியாததும் அதனால்தான்.

ஆட்கள் ஏன் கொள்ளைக்கு வந்தார்கள் என்பதற்கு இரண்டு வரியாவது எழுதுங்கள். 1713-ல் ஐரோப்பாவில் ஒரு பெரிய போர் முடிவுக்கு வந்ததும் கடற்படை மாலுமிகள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்தார்கள். வியாபாரக் கப்பலில் கூலி குறைவு, சவுக்கடி அதிகம். கொள்ளைக் கூட்டங்கள் பெருத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் உலகத்திலும் ஏதாவது ஒரு போர் முடிந்திருக்கட்டும், அதில் டிராகன்களை ஓட்டிய படைவீரர்கள் சோறில்லாமல் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

கப்பலைப் பற்றி ஒன்றே ஒன்று. மரக்கப்பல் கடலில் கிடக்கக் கிடக்க அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும், புழு மரத்தைத் துளைக்கும், வேகம் குறையும். கொள்ளைக் கப்பலுக்கு வேகம்தான் உயிர். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை யாருமில்லாத கரையில் ஏற்றி, பீரங்கிகளை இறக்கி, கப்பலை ஒருபக்கமாகச் சாய்த்துச் சுரண்டுவார்கள். அந்த நாட்களில் அவர்கள் கரையில் விழுந்த திமிங்கலம் மாதிரி, ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. கதையின் நடுவில் உங்களுக்கு ஒரு பெரிய ஆபத்து தேவைப்பட்டால் கடலின் ஆழத்திலிருந்து ராட்சத மிருகத்தைக் கூப்பிடாதீர்கள், கப்பலைக் கரையில் சாய்த்துவிட்டுத் தொடுவானத்தில் ஒரு பாயைக் காட்டுங்கள்.

தலைவி இன்னும் பெரியவளாக வேண்டுமா? கொள்ளையை விட்டு வரி வாங்க வையுங்கள். தென் சீனக் கடலில் ஜெங் யி சாவ் என்ற பெண், 1807-ல் கணவன் இறந்தபின் நூற்றுக்கணக்கான கப்பல்களும் பல்லாயிரம் ஆட்களும் கொண்ட கூட்டமைப்பின் தலைமையை ஏற்று ஆண்டாள். உப்பு ஏற்றிப் போகும் கப்பல்கள் அவளுடைய ஆட்களிடம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போயின, சீட்டைக் காட்டினால் யாரும் தொடமாட்டார்கள். கொங்கண் கரையில் கன்ஹோஜி ஆங்ரேயும் கப்பல்களுக்குச் சீட்டுக் கொடுத்தார். ஆங்கிலேயர்கள் அவரைக் கொள்ளைக்காரன் என்று எழுதினார்கள், மராட்டியர்களுக்கு அவர் கடற்படைத் தளபதி, 1729-ல் சாகும்வரை அவரை ஆங்கிலேயர்களால் அடக்க முடியவில்லை. ஒருவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்வது யார் என்ற கேள்வி உங்கள் கதைக்குள் எழுந்தால் தலைவிக்கு ஆழம் தானாக வந்துவிடும். முடிச்சுக்காரியின் சீட்டு ஒரு சின்னக் கயிற்றுத் துண்டு, அதில் ஒரு முடிச்சு. மீனவர்கள் அதைப் படகின் முனையில் கட்டிக்கொண்டு நிம்மதியாக வலை வீசுகிறார்கள். அவளைப் பிடிக்க வரும் அரசாங்கக் கப்பலுக்கு அந்த மீனவர்கள் எந்தத் திசையைக் காட்டுவார்கள்?

அவளுக்கு ஏதோ ஒன்று அவசரமாகத் தேவைப்பட வேண்டும், அது பொன்னாக இருக்கக் கூடாது. 1718 மே மாதம் கருந்தாடி அமெரிக்கக் கரையில் இருக்கும் சார்லஸ்டன் துறைமுகத்தின் வாசலையே அடைத்து, வந்த போன கப்பல்களைப் பிடித்து, ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு கேட்டது என்ன தெரியுமா? ஒரு பெட்டி மருந்து. 1996-ல் கண்டுபிடிக்கப்பட்ட அவன் கப்பலின் சிதைவிலிருந்து பாதரசத் தடயத்தோடு ஒரு மருத்துவப் பீச்சாங்குழல் எடுத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் பால்வினை நோய்க்குப் பாதரசம்தான் மருந்து. ஒரு நகரத்தையே மண்டியிட வைக்கும் பலம் இருந்தும் ஆட்களின் நோயைத் தீர்க்கும் பலம் இல்லை. இந்த இடைவெளியில்தான் கதை ஓடும்.

கொடுமையைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஒருமுறை மட்டும் காட்டுங்கள். வெட்டும் கணத்தைவிட மறுநாள் காலையை அதிகம் எழுதுங்கள். தளத்தைக் கழுவும் பையன், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் சமையல்காரன், யாரும் யாருடைய கண்ணையும் பார்க்காதது.

முடிவுக்கு வருவோம். 1718 நவம்பர் 22 அன்று அமெரிக்கக் கரையோரத்தில் ஓக்ரகோக் தீவருகே, கருந்தாடியைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் ராபர்ட் மேனார்ட் தன் ஆட்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்தார். தளம் ஏறக்குறையக் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அநேகமாக எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று நம்பித்தான் கருந்தாடி அந்தக் கப்பலுக்குள் குதித்தான். உடம்பில் ஐந்து குண்டுக் காயம், இருபது வெட்டு. தோற்றத்தால் எல்லோரையும் ஏமாற்றியவன் ஒரு தோற்றத்துக்கு ஏமாந்தான். இப்படித் தலைவியின் ஆயுதமே அவளைக் கவிழ்க்கும் முடிவு எப்போதும் கச்சிதமாக உட்காரும். ஜெங் யி சாவ் வேறு வழி காட்டினாள், 1810-ல் அரசாங்கத்தோடு பேரம் பேசிச் சரணடைந்து, 1844 வரை வாழ்ந்து இயற்கையாகச் செத்தாள். எதை எடுத்தாலும் சரி, முடிச்சுக்காரிக்குப் பிறகு அந்தக் கயிறு யார் கழுத்துக்குப் போகிறது, வாங்குகிறவருக்கு அது வெறும் முடிச்சு என்று தெரியுமா தெரியாதா என்பதை முதல் அத்தியாயம் எழுதும் முன்பே தீர்மானித்துவிடுங்கள், வாக்கெடுப்புக் காட்சியில் யாரைக் கை தூக்க வைப்பது என்பது அதற்கு அப்புறம்தான் உங்களுக்குத் தெரியும்.